ராட் செர்லிங்: அடிக்கப்பட்ட வரிகளின் ஆசிரியர்

(வானொலி, தொலைக்காட்சி எழுத்து பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொலைக்காட்சியில் நாடகம் பார்த்துவிட்டு எழுந்து போகிற யாரையாவது நிறுத்தி, இதை எழுதியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். நடித்தவர் பெயர் தெரியும். இயக்கியவர் பெயரும் சிலருக்குத் தெரியும். எழுதியவர் பெயர் தெரியாது. நம் தொழிலில் இருப்பவர்கள் இதைப் பழகிக்கொண்டாக வேண்டும். அமெரிக்காவில் ஒருவருக்கு மட்டும் இது நேர்மாறாக நடந்தது. கறுப்புக் கோட்டும் விரலிடுக்கில் சிகரெட்டுமாக வந்து நின்று, பல்லைக் கடித்தபடி இரண்டு மூன்று வாக்கியம் பேசிவிட்டுப் போகும் அந்த எழுத்தாளரைத் தெருவில் போகிறவர்கூட அடையாளம் கண்டுகொள்வார். ராட் செர்லிங் அவர் பெயர்.

அவருடைய கதையை யார் சொன்னாலும் ஒரே முடிவில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். விளம்பரதாரர்கள் அவரை நெருக்கினார்கள். அவர் மாயக் கதைகளுக்குள் புகுந்துகொண்டு சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். ஆகவே நெருக்கடிதான் அவரிடமிருந்து நல்ல எழுத்தைக் கறந்தது என்பார்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை. அந்த மாயக் கதைகளை நான் மிகவும் நேசிக்கிறேன். ஆனாலும் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்வதற்காகத்தான் இந்த அழைப்பை ஏற்றுக்கொண்டேன்.

செர்லிங் 1924 டிசம்பர் 25 அன்று நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் பிங்ஹாம்டன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. காலணித் தொழிற்சாலைகளும் பூங்காவில் குடை ராட்டினமும் இருந்த சின்ன ஊர். பையன் சரியான வாயாடி. ஒருமுறை பிங்ஹாம்டனிலிருந்து சிராக்யூஸுக்குக் காரில் போகும்போது, இவன் எப்போதுதான் நிறுத்துகிறான் பார்ப்போம் என்று வீட்டார் எல்லோரும் வாய் திறக்காமல் வந்தார்களாம். ஊர் வந்து சேரும்வரை தனக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதையே அவன் கவனிக்கவில்லையாம். இதைச் சொன்னவர் அண்ணன் ராபர்ட். அவரும் பின்னாளில் நாவலாசிரியர் ஆனார்.

அந்தப் பையனுக்கு இலக்கியம் வந்து சேர்ந்தது வானொலிப் பெட்டியின் வழியாக. அது அமெரிக்க வானொலி நாடகத்தின் பொற்காலம். சி.பி.எஸ். வானொலியில் நார்மன் கார்வின் நாட்டின் மனச்சாட்சியோடு நேரில் பேசுவதுபோல எழுதிக்கொண்டிருந்தார். ஆர்ச் ஓபோலர் இருட்டில் உட்கார்ந்து கேட்டால் உடம்பு சில்லிட்டுப்போகும் கதைகளை எழுதிக்கொண்டிருந்தார். செர்லிங் பிற்காலத்தில் எழுதியதையெல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தால் இந்த இருவரும் அதில் இருப்பார்கள். ஓபோலரின் பயம் கதையைத் தொடங்கி வைக்கும். கார்வினின் அறச்சீற்றம் அதை முடித்து வைக்கும்.

1943-இல் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ராணுவத்தில் சேர்ந்தார். ஐந்தடி நான்கு அங்குல உயரம். அதை வைத்துக்கொண்டு விடாப்பிடியாகப் பாராசூட் படையில் இடம் வாங்கினார். 11-ஆவது வான்வழிப் படைப்பிரிவு, 511-ஆவது பாராசூட் ரெஜிமென்ட். பிலிப்பைன்ஸில் முதலில் லெய்ட்டே தீவு, பிறகு மணிலா. லெய்ட்டேயில் விமானத்திலிருந்து உணவுப் பெட்டிகளைப் போட்டார்கள். பசியோடு காத்திருந்த வீரர்களுக்கு அது கொண்டாட்டம். செர்லிங்கின் நண்பர் மெல்வின் லெவி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடத்தில் ஒரு பெட்டி லெவியின் மீதே விழுந்து அவரைக் கொன்றது. செர்லிங் கண்ணெதிரில் நடந்தது இது. எதிரியின் குண்டில் சாவதற்குக்கூட ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம். சோற்றுப் பெட்டியில் சாவதற்கு என்ன காரணம் சொல்வது? அவருடைய கதைகளில் விதி திடீரென்று குரூரமாகத் திரும்பும்போதெல்லாம் எனக்கு லெவியின் நினைவுதான் வருகிறது. மகன் போரில் இருந்தபோதே, 1945-இல், தந்தை இதயநோயில் இறந்தார். இறுதிச் சடங்குக்கு வர மகனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. முழங்காலிலும் மணிக்கட்டிலும் காயம், பதக்கங்கள், வாழ்நாள் முழுதும் விடாத கெட்ட கனவுகள். இவற்றோடு ஊர் திரும்பினார். நெஞ்சில் இருப்பதை இறக்கி வைக்க எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது என்று அவரே பின்னர் சொன்னார்.

ஓஹியோவில் ஆன்டியாக் கல்லூரி. போர் வீரர்களுக்கான அரசு உதவியில் படிப்பு. கல்லூரி வானொலிக்கு எழுதுவது, நடிப்பது, நடத்துவது எல்லாம் அவரே. 1948-இல் உடன் படித்த கேரல் கிராமரை மணந்தார். கைச்செலவுக்காகப் புதுப் பாராசூட்டுகளைச் சோதித்துப் பார்க்கக் குதிக்கும் வேலையும் செய்தார். 1949-இல் ‘டாக்டர் கிறிஸ்டியன்’ என்ற வானொலித் தொடர் நேயர்களிடமிருந்து கதை கேட்டு நடத்திய போட்டியில், ஒரு குத்துச்சண்டை வீரனைப் பற்றிய ஸ்கிரிப்டுக்கு 500 டாலர் பரிசு கிடைத்தது. அதே போட்டியில் பரிசு வாங்கிய இன்னொரு இளைஞர் ஏர்ல் ஹாம்னர். பின்னாளில் ‘தி வால்டன்ஸ்’ தொடரை உருவாக்கியவர். செர்லிங் பின்னாளில் உருவாக்கிய ‘ட்விலைட் ஸோன்’ என்ற மாயக் கதைத் தொடருக்கும் எழுதியவர். தொடக்க எழுத்தாளர்களை நம்பிப் போட்டி நடத்திய ஒரு வானொலித் தொடரிலிருந்து இரண்டு பேர் கிளம்பியிருக்கிறார்கள். நிகழ்ச்சிப் பொறுப்பில் இருக்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

படிப்பு முடிந்ததும் சின்சினாட்டியில் டபிள்யு.எல்.டபிள்யு. வானொலி நிலையத்தில் சம்பளத்துக்கு எழுதும் வேலை. இந்தக் காலத்தைப் பற்றி வாழ்க்கை வரலாறுகள் ஒரு பத்தியில் முடித்துக்கொள்கின்றன. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. விளம்பர வாசகம், அறிவிப்பாளருக்கான இணைப்பு வரிகள், சின்னச் சின்ன ஊர்களைப் புகழ்ந்து ஒரு நிகழ்ச்சி, மருந்து விற்பதற்கான நற்சான்றுப் பேச்சு, இவையெல்லாம் பகல் வேலை. இரவில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சொந்த நாடகம். நியூயார்க்குக்கு அனுப்புவார், திரும்பி வரும். தொடர்ச்சியாக நாற்பது நிராகரிப்புச் சீட்டுகள் வாங்கியதாக அவர் சொல்லியிருக்கிறார்.

பகல் வேலையை அவர் வெறுத்தார். ஆனால் அது அவருக்குக் கொடுத்ததை வேறு எந்த வேலையும் கொடுத்திருக்காது. வானொலியில் ஒரு பாத்திரம் பேசாவிட்டால் அது அந்த அறையிலேயே இல்லை. மூன்று பேர் பேசுகிறார்கள் என்றால், பெயர் சொல்லாமலே யார் எவர் என்று கேட்பவனுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொருவர் பேச்சுக்கும் தனி நடை, தனி மூச்சு வேண்டும். முதல் அரை நிமிடத்தில் ஊர், நேரம், ஆள், சிக்கல் நான்கையும் காதுக்குக் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் குமிழைத் திருப்பிவிடுவான். ‘ட்விலைட் ஸோன்’ அத்தியாயங்களின் முன்னுரையைக் கேட்டுப் பாருங்கள். இன்னார், வயது இவ்வளவு, தொழில் இது, இன்னும் சற்று நேரத்தில் இவர் இன்ன இடத்தில் காலெடுத்து வைக்கப்போகிறார் என்று அந்தக் குரல் சொல்லும். அது அப்பட்டமான வானொலி அறிவிப்பு. தொலைக்காட்சிக்கு வந்து புகழ்பெற்ற பிறகு அவர் தட்டச்சுகூடச் செய்யவில்லை. ஒலிப்பதிவுக் கருவியில் எல்லாப் பாத்திரங்களாகவும் தானே பேசிப் பதிவு செய்வார். உதவியாளர் அதைக் கேட்டுத் தட்டச்சு செய்வார். கடைசிவரை அவர் காதால் எழுதியவர். அவருடைய பலவீனமும் அதிலிருந்துதான் வந்தது. சில அத்தியாயங்களில் பாத்திரங்கள் ஓயாமல் சொற்பொழிவாற்றும். படம் சொல்லிவிட்டதை வாயும் மறுபடி சொல்லும்.

இனி 1955 ஜனவரி 12-க்கு வருவோம். புதன்கிழமை இரவு. ‘கிராஃப்ட் டெலிவிஷன் தியேட்டர்’ நிகழ்ச்சியில் ‘பேட்டர்ன்ஸ்’ என்ற ஒரு மணி நேர நாடகம். செர்லிங்குக்கு வயது 30. அதற்கு முன் எழுபதுக்கும் மேற்பட்ட ஸ்கிரிப்டுகள் அவர் கணக்கில் இருந்தன. யாருக்கும் பெயர் தெரியாது.

அன்றைய தொலைக்காட்சி நாடகம் எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எல்லாம் நேரலை. காட்சி நாடாவில் பதிவு செய்யும் கருவி சந்தைக்கு வராத காலம். ஸ்டூடியோவில் மூன்று நான்கு அறைகளைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். ஒரு காட்சி முடிந்ததும் நடிகர் கேமராவின் கண்ணில் படாமல் கேபிள்களைத் தாண்டி அடுத்த அறைக்கு ஓட வேண்டும். உடை மாற்ற வேண்டுமானால் விளம்பரம் ஓடும் நேரத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். வசனம் மறந்தால் நாடு முழுவதும் பார்க்கும். திரை சின்னது, படம் மங்கல். ஆகவே குதிரையோட்டமும் போர்க்களமும் எடுபடாது. முகம்தான் எடுபடும். ஒரு மூடிய அறை, இரண்டு முகங்கள், நடுவில் ஒரு பகை. வானொலியில் பழகியவருக்கு இதைவிடப் பொருத்தமான களம் கிடைக்காது.

‘பேட்டர்ன்ஸ்’ முழுக்க ஒரு நிறுவனத்தின் மேல்மாடியில் நடக்கிறது. முதலாளி ராம்ஸி, ஓஹியோவிலிருந்து ஸ்டேபிள்ஸ் என்ற இளைஞனை அழைத்து வருகிறார். அங்கே நீண்ட காலமாக வேலை பார்க்கும் ஆண்டி ஸ்லோன் என்ற மூத்த அதிகாரியின் இடத்துக்குத்தான் தன்னைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது அவனுக்குப் போகப் போகத்தான் புரிகிறது. ஸ்லோனை வேலையைவிட்டு அனுப்ப மாட்டார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் எல்லோர் முன்னிலையிலும் சிறுமைப்படுத்துவார்கள், அவராகவே போகும்வரை. அவர் வேலையை விட்டுப் போகவில்லை, உயிர்தான் போகிறது. அலுவலகத்தில் உழைத்துத் தேய்ந்த ஒவ்வொரு வீட்டிலும் அது தைத்திருக்க வேண்டும். அன்றிரவு தன்னை யாரும் கூப்பிடப்போவதில்லை என்று நினைத்திருந்த செர்லிங்கின் வீட்டில், நாடகம் முடிந்ததும் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. நியூயார்க் டைம்ஸில் விமர்சகர் ஜாக் கூல்ட் வியந்து எழுதினார். மக்கள் மறுபடி கேட்டார்கள். காட்சி நாடாப் பதிவு இல்லாததால், நான்கு வாரம் கழித்து, பிப்ரவரி 9 அன்று, நாடகத்தை மறுபடி முழுக்க நடித்து ஒளிபரப்பினார்கள். அந்த நாடகத்துக்கு எம்மி விருது கிடைத்தது.

அடுத்த ஆண்டு, 1956 அக்டோபர் 11 அன்று, பிளேஹவுஸ் 90 நிகழ்ச்சியில் ‘ரெக்வியம் ஃபார் எ ஹெவிவெயிட்’. தொண்ணூறு நிமிட நாடகம். அடிபட்டு அடிபட்டுக் கண்ணும் மூளையும் மங்கிப்போன ஒரு குத்துச்சண்டை வீரனுக்கு, இனி மேடை ஏறக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகு என்ன வாழ்க்கை இருக்கிறது? ஜாக் பாலன்ஸ் நடித்தார். செர்லிங்கே ராணுவத்தில் குத்துச்சண்டை போட்டு மூக்கை உடைத்துக்கொண்டவர். அதனால் அந்த வீரன் பேசுகிற ஒவ்வொரு வாக்கியத்திலும் வலி இருக்கிறது. இதில் ஒரு துணைக் கதை உண்டு. வீரனுக்குக் கட்டுப்போடும் பயிற்சியாளராக நடித்தவர் எட் வின் என்ற முதிய நகைச்சுவை நடிகர். உணர்ச்சி நாடகம் அவருக்குப் பழக்கமில்லை. ஒத்திகையில் தடுமாறிக்கொண்டே இருந்தார். மாற்று நடிகரைக்கூட ரகசியமாகத் தயார் செய்து வைத்திருந்தார்கள். அதே நாடகத்தில் மகன் கீனன் வின்னும் நடித்துக்கொண்டு, அப்பா அவமானப்படப் போகிறாரே என்று தவித்துக்கொண்டிருந்தார். நேரலை தொடங்கியதும் கிழவர் பிரமாதமாக நடித்தார். இயக்குநர் ரால்ஃப் நெல்சன் பிறகு இந்தக் கதையையே ஒரு தொலைக்காட்சி நாடகமாக எடுத்தார்.

இவ்வளவு நல்ல நாடகத்திலும் ஒரு வரியை அடித்தார்கள். ஒருவன் இன்னொருவனிடம் தீக்குச்சி இருக்கிறதா என்று கேட்கிறான். அந்தச் சாதாரண வரி போயிற்று. காரணம், நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் ரான்ஸன் சிகரெட் லைட்டர் நிறுவனத்தார். அவர்கள் நிகழ்ச்சியில் யாரும் தீக்குச்சி தேடக் கூடாது.

இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? வானொலிக் காலத்திலேயே விளம்பர நிறுவனங்கள் நிகழ்ச்சியைத் தாமே தயாரித்து நிலையத்தில் நேரம் வாங்கி ஒலிபரப்பிப் பழகிவிட்டன. அந்த வழக்கம் அப்படியே தொலைக்காட்சிக்கு வந்தது. கிராஃப்ட் என்பது பாலாடைக்கட்டி நிறுவனம். அதன் நாடகங்களைத் தயாரித்தது ஜே. வால்டர் தாம்சன் என்ற விளம்பர நிறுவனம். நிகழ்ச்சியின் பெயரிலேயே முதலாளியின் பெயர் இருக்கும்போது, நாடகத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் அவர் கடைப் பலகையில் எழுதிய சொல்லாகிவிடுகிறது. வாங்குபவர் எவரும் மனம் நோகக் கூடாது என்பது ஒன்றே விதி. இதன் உச்சம் 1959-இல் பிளேஹவுஸ் 90 ஒளிபரப்பிய ‘ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பர்க்’. அது செர்லிங் எழுதியதல்ல, ஏபி மான் எழுதியது. நாஜிகள் விஷவாயு அறைகளில் மக்களைக் கொன்றதைப் பேசும் நாடகம். எரிவாயு நிறுவனங்களின் சங்கம் விளம்பரதாரர். வாயு என்ற சொல் வருகிற இடங்களில் ஒலியை அணைத்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் எப்படிக் கொல்லப்பட்டார்கள் என்பதைச் சொல்லவிடாமல் ஒரு அடுப்பு வியாபாரம் தடுத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கொதிக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

1955 ஆகஸ்ட் 28 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை இரண்டு வெள்ளையர்கள் வீட்டிலிருந்து இழுத்துச் சென்று சித்திரவதை செய்து கொன்று ஆற்றில் வீசினார்கள். சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த பையன். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆலோசித்துவிட்டுக் கொலையாளிகளை விடுவித்தது. அடுத்த ஜனவரியில் அவர்களே ஒரு பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு கொலையை ஒப்புக்கொண்டார்கள்.

செர்லிங் உடனே எழுத உட்கார்ந்தார். அவருக்கு ஓரளவு உலக ஞானம் இருந்தது. நேரடியாக எழுதினால் வாங்க மாட்டார்கள் என்று தெரியும். ஆகவே கொல்லப்பட்டவரை ஒரு வயதான யூத வியாபாரியாக மாற்றினார். ஊர் சேர்ந்துகொண்டு கொலைகாரனைக் காப்பாற்றுகிறது என்ற கருவை மட்டும் வைத்துக்கொண்டார். ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் அவர்’ என்ற நாடக நிகழ்ச்சி அதை ஏற்றுக்கொண்டது. இடையில் ஒரு நிருபர், இது டில் கொலையைப் போல இருக்கிறதே என்று கேட்டார். செர்லிங் மறுக்கவில்லை. செய்தி பரவியது. தென்மாநில வெள்ளையர் அமைப்புகள் நிறுவனத்தைப் புறக்கணிப்போம் என்று மிரட்டின. கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. இரும்பு விற்கும் நிறுவனத்தை வீட்டுக்காரர்கள் எப்படிப் புறக்கணிப்பார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. ஸ்கிரிப்டைக் கையில் எடுத்தார்கள். கதை நடக்கும் ஊர் நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள நியூ இங்கிலாந்துக்குப் போயிற்று. கொல்லப்பட்டவன் எந்த நாட்டான் என்று சொல்லப்படாத ஒரு அந்நியன் ஆனான். தெற்கை நினைவூட்டும் என்று கோக்கோ கோலா புட்டியைக்கூட எடுத்தார்கள். கொலைகாரன் ஏதோ ஒரு கணம் தடம் மாறிப்போன நல்ல பிள்ளை ஆனான். 1956 ஏப்ரல் 25 அன்று ‘நூன் ஆன் டூம்ஸ்டே’ என்ற பெயரில் ஒரு சடலம் ஒளிபரப்பானது.

அவர் விடவில்லை. இரண்டு ஆண்டு கழித்து பிளேஹவுஸ் 90-க்காக மறுபடி எழுதினார். இந்தமுறை நிகழ்ச்சியினரும் விளம்பரதாரர்களும் சேர்ந்து கதையை 1870-களுக்குத் தள்ளினார்கள். தெற்கு போய்த் தென்மேற்குப் பாலைவனம் வந்தது. கறுப்பினச் சிறுவன் மெக்சிகோ இளைஞன் ஆனான். ‘எ டவுன் ஹாஸ் டர்ன்ட் டு டஸ்ட்’ 1958 ஜூனில் ஒளிபரப்பானது. ஜான் ஃபிராங்கன்ஹைமர் இயக்கினார். நடிப்பும் சிறப்பாக இருந்தது. ஆனால் எம்மெட் டில் அதில் இல்லை.

இதே காலகட்டத்தில் செனட்டைப் பற்றி ‘தி அரீனா’ என்று ஒரு நாடகம் எழுதினார். செனட் சபைக்குள் நடக்கும் கதை. ஆனால் நாட்டில் அன்று விவாதிக்கப்படும் எந்தப் பிரச்சினையையும் பாத்திரங்கள் பேசக் கூடாது என்றார்கள். இதை 2057-ஆம் ஆண்டில் வைத்து, செனட்டர்களை இயந்திர மனிதர்களாக்கியிருந்தால் நிறையச் சொல்லியிருக்கலாம் என்று அவர் பின்னர் எழுதினார். ‘ட்விலைட் ஸோன்’ பிறந்த இடம் அதுதான் என்று எல்லோரும் அந்த வாக்கியத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

அந்தத் தொடர் 1959 அக்டோபர் 2 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கியது. 1964 வரை 156 அத்தியாயங்கள். அவற்றில் 92-ஐ செர்லிங் எழுதினார். முதல் பருவத்தின் 36-இல் 28 அவருடையவை. மனித உடம்பு எப்படித் தாங்கியது என்று தெரியவில்லை. ரிச்சர்ட் மேத்சன், சார்லஸ் போமான்ட் என்ற இரண்டு அருமையான எழுத்தாளர்கள் தோள் கொடுத்தார்கள். தயாரிப்பு நிறுவனமும் அவருடையது. ஆகவே பேனாவும் அவர் கையில், பெட்டியும் அவர் கையில். தொடர் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு தொலைக்காட்சிப் பேட்டியாளர் மைக் வாலஸ் அவரைப் பேட்டி கண்டார். இனி முக்கியமான எதையும் எழுதப்போவதில்லை என்றுதானே அர்த்தம் என்று கேட்டார். அன்றைய சமூகப் பிரச்சினைகளை நேரடியாக நாடகமாக்குவதுதான் முக்கியம் என்றால், ஆமாம், அதைச் செய்யப்போவதில்லை என்று செர்லிங் சொன்னார். சண்டை போட்டுக் களைத்துப்போன மனிதரின் முகம் அது.

பிறகு 1960 மார்ச்சில் ‘தி மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்’ வந்தது. ஒரு மாலை நேரம், அமைதியான தெரு. வானத்தில் ஏதோ கடந்துபோகிறது. மின்சாரம், தொலைபேசி, கார் எல்லாம் நின்றுவிடுகின்றன. வேற்றுக் கிரகத்தார் மனிதர்களைப் போலவே ஒரு குடும்பத்தை முன்கூட்டி அனுப்பி வைப்பார்கள் என்று கதைப் புத்தகம் படித்த ஒரு சிறுவன் சொல்கிறான். அவ்வளவுதான். ஒருவன் இரவில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பானே, அவனாக இருக்குமோ? இன்னொருவன் வீட்டுக்குள் ஏதோ வானொலிக் கருவி வைத்திருக்கிறானே, அவனாக இருக்குமோ? இரவுக்குள் ஒருவரை ஒருவர் கொல்லத் தொடங்குகிறார்கள். மேட்டின்மேல் நின்று பார்க்கும் அயல் கிரகத்தார் ஒரு சுண்டு விரலையும் அசைக்க வேண்டியிருக்கவில்லை. இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு பெரிய நாடகம். அதன் ஒவ்வொரு வசனமும் அடுத்த சந்தேகத்துக்கான திரியைக் கொளுத்துகிறது. எழுதப் பழகுகிறவர்கள் அதை வரி வரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பார்த்தீர்களா, மேப்பிள் ஸ்ட்ரீட் இன்றும் உயிரோடு இருக்கிறது; ‘நூன் ஆன் டூம்ஸ்டே’ எடுபட்டிருந்தாலும் இந்நேரம் மறந்திருப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உருவகத்துக்கு ஆயுள் அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உருவகத்துக்கு முகவரி கிடையாது. மேப்பிள் ஸ்ட்ரீட்டைப் பார்த்த மிசிசிப்பிக்காரர், இது கம்யூனிஸ்ட் வேட்டையைப் பற்றியது, வடக்கத்தியரைப் பற்றியது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போயிருக்கலாம். எம்மெட் டில்லுக்குப் பெயர் இருந்தது, வயது இருந்தது, ஊர் இருந்தது. அவனைக் கொன்றவர்கள் வெளியே உலாவிக்கொண்டிருந்தார்கள். 1956-இல், அந்த ஆண்டில், நாடு முழுவதும் ஒரே இரவில் பார்க்கும் மேடையில், அது அவன் பெயராலேயே சொல்லப்பட்டிருக்க வேண்டும். நாட்டின் மிகச் சிறந்த தொலைக்காட்சி எழுத்தாளர் இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் தடுத்தார்கள். இந்த இழப்பை ‘ட்விலைட் ஸோன்’ ஈடு செய்துவிட்டது என்று யார் கணக்குப் போடுவது? அவருக்கு இரண்டையும் எழுதும் சக்தி இருந்தது.

வாய்ப்புக் கிடைத்தபோது அவர் பெயர் சொன்னார் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1964 மார்ச்சில் வந்த ‘ஐ ஆம் தி நைட், கலர் மீ பிளாக்’ என்ற அத்தியாயம். ஒரு சிற்றூரில் ஒருவனைத் தூக்கிலிடும் காலையில் சூரியன் உதிக்க மறுக்கிறது. ஊரின் வெறுப்புதான் இருட்டாகத் திரண்டு நிற்கிறது. முடிவில் ஒரு வானொலிச் செய்தி கேட்கிறது. இதே இருட்டு இன்னும் பல இடங்களில் கவிந்திருப்பதாக அறிவிப்பாளர் வாசிக்கிறார்: பெர்லின் சுவரின் ஒரு பகுதி, டல்லாஸின் ஒரு தெரு, அலபாமாவின் பர்மிங்ஹாம். பர்மிங்ஹாமில் ஒரு தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்று ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கலையாகப் பார்த்தால் அது அவருடைய சிறந்த அத்தியாயம் அல்ல, பேச்சு மிகுதி. ஆனால் எட்டு ஆண்டுகள் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்த ஊர்ப் பெயர் ஒரு வானொலி அறிவிப்பாளர் குரலில் வெளியே வருகிறது. நல்ல கலை, மோசமான கலை என்ற பேச்சையெல்லாம் அந்த இடத்தில் நான் ஒதுக்கி வைத்துவிடுகிறேன்.

கடைசிப் பத்தாண்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடர் நின்றதும் அதன்மேல் தமக்கிருந்த உரிமையை சி.பி.எஸ்.ஸுக்கு விற்றார். மறுஒளிபரப்பில் அது பெரும் பணம் ஈட்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ திரைப்படத்துக்கு மைக்கேல் வில்சனுடன் சேர்ந்து திரைக்கதை எழுதினார். 1966-இல் விமானத்தில் வெடிகுண்டு வைப்பதைப் பற்றிய ‘தி டூம்ஸ்டே ஃபிளைட்’ ஒளிபரப்பானதும், அதைப் பார்த்தவர்கள் உண்மையான விமான நிறுவனங்களுக்குத் தொலைபேசியில் மிரட்டல் விடுத்தார்கள். அதை எழுதியதற்காக அவர் வெளிப்படையாக வருந்தினார். ‘நைட் கேலரி’ தொடரில் முகம் மட்டும் அவருடையது. எதை எடுப்பது என்ற அதிகாரம் வேறொருவரிடம் இருந்தது. அவருடைய ஸ்கிரிப்டுகளையே நிராகரித்தார்கள். அந்தக் குரலைப் பற்பசைக்கும் பியருக்கும் வாடகைக்குக் கேட்டார்கள், கொடுத்தார். அதைப் பற்றி அவருக்கே சமாதானம் இல்லை. 1973-இல் ‘ஸீரோ அவர்’ என்ற வானொலி நாடகத் தொடரைத் தொகுத்து வழங்க மறுபடி ஒலிவாங்கியின் முன் வந்து உட்கார்ந்தார். இத்தாகா கல்லூரியில் எழுத்து கற்பித்தார். ‘ட்விலைட் ஸோன்’ காலத்தில் அத்தியாயத்தின் முடிவில் அவரே சிகரெட்டைச் சிபாரிசு செய்வார். விளம்பரதாரர் சிகரெட் நிறுவனம். நாளுக்கு மூன்று நான்கு பெட்டி புகைத்தார். 1975 ஜூன் 28 அன்று, இதய அறுவை சிகிச்சைக்குப் பின், ராச்செஸ்டர் மருத்துவமனையில் இறந்தார். வயது 50.

உங்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு முடிக்கிறேன். இவரைப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் நேராக ‘ட்விலைட் ஸோன்’ பக்கம் போகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நேரலையைத் திரையிலிருந்து படம்பிடித்து வைத்த பிரதியாக ‘பேட்டர்ன்ஸ்’ கிடைக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். அடுத்து ‘ரெக்வியம்’. பிறகு மைக் வாலஸ் பேட்டி முழுவதையும், இடையில் நிறுத்தாமல். அதன் பிறகுதான் ‘மேப்பிள் ஸ்ட்ரீட்’. அதைப் பார்க்கும்போது பக்கத்தில் ஒரு தாளில் எம்மெட் டில் வழக்கின் விவரங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செர்லிங் எழுத விரும்பி எழுத முடியாமல் போன அந்த ஒரு மணி நேர நாடகத்தின் முதல் காட்சியை, ஊர் பெயரும் சிறுவன் பெயரும் மாற்றாமல், வானொலிக்காக நீங்கள் எழுதி எடுத்து வாருங்கள். அடுத்த முறை வரும்போது அவற்றைப் படிக்கிறேன். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.